புதுப்பிப்பு: கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டாமல் வைப்பது

வெயில் காலத்தில் இரண்டு மாத பில்லை 500 யூனிட்டுக்குள் நிறுத்தப் பார்க்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். இந்த முறை நின்றுவிட்டது, ரொம்ப சந்தோஷம்!

ஏன் 500 என்று பலர் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்தக் குறைந்த கட்டணம் கிடைக்காது, அந்த 100 யூனிட்டுக்கும் மேல் அடுக்கின் விலைதான். அதனால் 499-க்கும் 510-க்கும் நடுவே பில் சட்டென்று எகிறும்.

கைகொடுத்தது ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்த பழக்கம்தான். எண் வேகமாக ஏறினால் அந்த வாரமே ஏசியை 26-இல் வைத்து ஃபேனையும் ஓடவிட்டோம். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் அதில் பாதிகூட இல்லை. ஹாலில் மட்டும் மாற்றியிருக்கிறோம், படுக்கையறைக்கு அப்புறம்.