மறு: பாலைத் தூசியின் வடிவம் – 'கோளமின்மை' சரியா?

அன்புள்ள ஐயா,

> சகாராத் தூசித் துகள்கள் கோளமாக இல்லை. அந்தக் குணத்துக்குக் 'கோளமின்மை' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

இலக்கணப்படி குறையில்லை. ஆனால் குதிரையை 'யானையல்லாதது' என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அந்தத் துகளுக்கென்று ஒரு வடிவம் இருக்கும்போது, எது இல்லை என்பதை வைத்தா பெயரிடுவது?

அதன் வடிவம் அவல் மாதிரி. அரிசி நீளமானது, உருண்டை அல்ல. அதையே இடித்தால் தட்டையாகவும் ஆகிறது. பாலைத் தூசியில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. காரணம் பெரும்பாலும் அது எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட்டு ஆகியவற்றோடு இல்லைட், கயோலினைட் போன்ற களிமண் கனிமங்களும் அதில் நிறைய. (இல்லைட் 'இல்லை' என்று தொடங்கினாலும் சகாராவின் வடக்கிலும் வடமேற்கிலும் ஏராளம். தெற்கே சாஹேல் எனும் வறண்ட புல்வெளிப் பக்கம் போனால் கயோலினைட்டின் கை ஓங்கும்.) இந்தக் களிமண் கனிமங்கள் காக்காப்பொன்னைப் போல ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. உடைந்தாலும் ஏடாகத்தான் உடையும். அவற்றில் ஒட்டிய ஹெமடைட் போன்ற இரும்பு ஆக்சைடுகள்தான் தூசிக்குச் செந்நிறம் தருகின்றன.

சரி, சொல்லுக்கு வருகிறேன். உங்கள் வரைவில் 'நீள அகல விகிதம்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வடிவத்தை முடித்துவிட்டீர்கள். இது உங்கள் பிழை இல்லை, துறையே நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. வடிதாளில் பிடித்த துகளை மின்னணு நுண்ணோக்கியில் மேலிருந்து பார்க்கிறார்கள். தட்டையைத் தட்டில் போட்டால் படுத்துத்தான் கிடக்கும், நிற்காது. அதனால் நீளமும் அகலமும் தெரியும், உயரம் தெரியாது. சாய்வாக உலோகப் பூச்சு கொடுத்து, துகளின் நிழல் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட அளவீடுகளையெல்லாம் 2020இல் யூ ஹுவாங், யாஸ்பர் கோக் என்ற தூசி ஆய்வாளர்களின் குழுவினர் தொகுத்துப் பார்த்தார்கள். நீளம் அகலத்தைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு, உயரமோ அகலத்தில் 0.4 பங்குதான். அதாவது நீளம் உயரத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட துகள் உருண்டையை விட மெதுவாகத்தான் கீழே இறங்கும். காற்றில் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் நேரம் தங்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஆகவே நமக்கு இரண்டு விகிதங்களுக்குப் பெயர் வேண்டும். முதலாவது அகலத்துக்கு நீளம் எத்தனை மடங்கு என்பது; அதற்கு 'நெடுமை விகிதம்' என்கிறேன். இரண்டாவது உயரம் அகலத்தில் எத்தனை பங்கு என்பது; அதற்கு முதலில் 'தட்டை விகிதம்' என்றுதான் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். எண் குறையக் குறையத் துகள் மேலும் தட்டையாகிறது, அப்போது 'தட்டை விகிதம் குறைந்தது' என்று எழுதினால் வாசிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். அளக்கப்படும் உயரம் என்பது துகளின் தடிமன்தான், அதையே சொல்லிவிடலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் தடிமன் என்றால் சளி! எனவே 'தடிப்பு விகிதம்'. தோலில் வரும் தடிப்பு நினைவுக்கு வந்தால் வரட்டும், 'விகிதம்' பக்கத்தில் நிற்கும்போது குழப்பம் வராது.

இவை இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பொதுச்சொல் ஒன்றும் தேவைதான். லேசர் ஒளியை வானில் செலுத்தி, திரும்பி வருவதை அளக்கும் லிடார்க்காரர்களுக்கு அது இல்லாமல் முடியாது. கோளமான நீர்த்துளியில் பட்டு நேராகத் திரும்பும் லேசர் ஒளியின் முனைவாக்கம் (ஒளியலை அதிரும் திசை) மாறுவதில்லை, தூசியில் பட்டால் மாறுகிறது. அதை வைத்துத்தான் மேலே மிதப்பது தூசியா, ஈரத்துளியா என்று பிரிக்கிறார்கள். இங்கே 'கோளப்பிறழ்வு' என்று வைக்கலாம். பிறழ்வு கூடலாம், குறையலாம். 'இன்மை'யில் அந்த ஏற்ற இறக்கத்துக்கு இடமில்லை.

> பாலைத் தூசி, கனிமத் தூசி – எது?

பாலைத் தூசி. சாட் நாட்டின் போடெலே பள்ளத்திலிருந்து கிளம்புவதில் பெரும்பகுதி, வற்றிப்போன பழைய ஏரியில் வாழ்ந்த டயாட்டம் பாசிகளின் சிலிக்கா ஓடுகள். உயிர் செய்த ஓட்டைக் கனிமம் என்பது எனக்கு உறுத்துகிறது. 1832இல் கேப் வெர்டே அருகே டார்வின் சேகரித்த தூசியை பெர்லினில் ஆராய்ந்த இயற்கை ஆய்வாளர் ஏரன்பெர்க்கும் இப்படிப்பட்ட ஓடுகளைக் கண்டார். அப்புறம் ஒன்று: பழந்தமிழில் 'அவல்' என்றால் பள்ளம். அவலிலிருந்து அவல் பறக்கிறது என்று தலைப்பு வைக்க ஆசைதான், நீங்கள் விடமாட்டீர்கள்.

உங்கள் மூன்றாம் பத்தியை இப்படி மாற்றிப் பார்த்தேன்: "தூசித் துகளின் நெடுமை விகிதம் 1.7, தடிப்பு விகிதம் 0.4. இந்தக் கோளப்பிறழ்வால் அது மெதுவாக இறங்குகிறது." வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்