சிறு மோதலுக்குச் சொலிசிற்றரா, காப்புறுதி நிறுவனமா?

பனைநிழல் எழுதியது:

சென்ற மாதம் ஒரு மாலை, இலண்டன் ஹாங்கர் லேன் சுற்றுவட்டத்தில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த வான் இடித்துவிட்டது. பின் பம்பரின் இடப்பக்கம் கழன்று தொங்குகிறது. காரைப் பின்னே எடுக்கும்போது, தடை எதுவும் இல்லாத இடத்திலும் சென்சர் விடாமல் ஒலிக்கிறது. வானை ஓட்டி வந்தவர் தன் பிழையை அங்கேயே ஒப்புக்கொண்டு பெயர், முகவரி, காப்புறுதி விவரம் எல்லாம் தந்தார். மூன்று வாரமாகியும் எனக்குக் கழுத்துப் பிடிப்பு குறையவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டும் நோகிறது. வேலைத்தலத்து நண்பர் ஒருவர், "காப்புறுதிக்காரருக்குச் சொல்லாதே, சொன்னால் பிரீமியம் கூடும், சொலிசிற்றரிடம் (வழக்கறிஞரிடம்) கொடுத்தால் கார் திருத்தம், வாடகைக் கார், நட்டஈடு எல்லாவற்றையும் அவரே பார்ப்பார், உன் கையால் ஒரு சதமும் போகாது" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

பனைநிழல் அவர்களுக்கு, இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நண்பர் இரண்டு வெவ்வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்பிவிட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்கு விபத்தைத் தெரிவிப்பது ஒன்று. அதனிடம் பணம் கேட்பது வேறொன்று. பணம் கேட்காவிட்டாலும் விபத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா வாகனக் காப்பீட்டு ஒப்பந்தங்களிலும் உள்ள நிபந்தனை. மறைத்தால் மறைந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள்: வான்காரர் தம் நிறுவனத்துக்குச் சொன்னால், நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தரவுத்தளத்தில் உங்கள் பதிவெண் ஏறிவிடக்கூடும். அடுத்த புதுப்பிப்பின்போது, "தவறு யாருடையதாயினும், கடந்த ஐந்து ஆண்டுகளில் விபத்து உண்டா?" என்று கேட்பார்கள். அதற்கு இல்லை என்று பதில் எழுதுவது, உண்மையிலேயே பெரிய விபத்து நேரும் நாளில் உங்களைக் காப்பீடே இல்லாதவர்போல் நிறுத்திவிடக்கூடும்.

கழுத்துப் பிடிப்புக்காகச் சொலிசிட்டர் தேவையே இல்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 மே 31 முதல் கழுத்துச் சுளுக்குக்கு அரசே தொகை நிர்ணயித்திருக்கிறது. 2025 மே 31 முதல் நடந்த விபத்துகளில், மூன்று மாதத்துக்குள் குணமாகும் காயத்துக்கு 275 பவுண்டு. மூன்று முதல் ஆறு மாதம் நீடித்தால் 565 பவுண்டு. காயத்தின் மதிப்பு 5,000 பவுண்டைத் தாண்டாவிட்டால், நீங்கள் வென்றாலும் உங்கள் சொலிசிட்டரின் கட்டணத்தை எதிர்த்தரப்பு தராது. உங்களுக்கு வரும் தொகையிலிருந்துதான் அவர் எடுத்துக்கொள்வார். 275 பவுண்டில் கால் பங்கு போனால் கையில் மிஞ்சுவது என்ன? இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்கென்றே கட்டணமில்லாத அரசு இணைய வாயில் ஒன்று இருக்கிறது. அதில் நீங்களே பதியலாம்.

கார்த்திகைப்பூ எழுதியது:

வைகைக்கரை ஐயா சொன்ன சட்டம் சரி; அதை வைத்து அவர் வந்த முடிவு சரியல்ல. நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு சொலிசிற்றர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பனைநிழல் அண்ணா மணிக்கட்டைப் பற்றி எழுதியதை ஐயா கவனிக்காமலே கடந்துவிட்டார். அரசு நிர்ணயித்த தொகை கழுத்து, முதுகு, தோள் ஆகிய இடங்களில் தசை, தசைநார் போன்ற மென்திசுக்களுக்கு வரும் காயங்களுக்கும் அவற்றோடு வரும் சிறு மன உளைச்சலுக்கும் மட்டும் உரியது. மணிக்கட்டு அதில் சேராது. அது, நீதிமன்றங்கள் முந்தைய தீர்ப்புகளை வைத்துத் தொகையை முடிவுசெய்யும் பழைய பொதுச் சட்ட முறையிலேயே மதிப்பிடப்படும். இரண்டு வகைக் காயமும் சேர்ந்து வந்தால் எப்படிக் கூட்டுவது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஹசாம் எதிர் ராபொட் வழக்கில் 2024 மார்ச்சில்தான் தீர்ந்தது: இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டி, ஒரே வேதனைக்கு இரு முறை பணம் போகாதவாறு குறைக்க வேண்டுமானால் குறைப்பார்கள். ஆனாலும் நிர்ணயத்தில் சேராத காயத்துக்குத் தனியாகக் கிடைத்திருக்கக்கூடிய தொகைக்குக் கீழே அது இறங்காது. தனியாளாக இணைய வாயிலில் பதிகிறவர், முதற்படியிலேயே மணிக்கட்டைக் குறிப்பிட மறந்தால் என்ன நடக்கும்? மருத்துவ அறிக்கையிலும் அது வராது. எதிர்த்தரப்பும் அதற்கு விலை சொல்லாது.

ஐயா வேலை பார்த்தது போன்ற நிறுவனங்களுக்கு நாள் முழுவதும் இதையே செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். பகல் முழுவதும் வேலைக்குப் போய், இரவில் ஆங்கிலப் படிவத்தோடு உட்காருகிற ஒருவரை அவர்கள் முன் தனியே நிறுத்துவதை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நெடுவழி எழுதியது:

தம்பி, "வாடகைக் காரையும் அவரே பார்ப்பார்" என்ற இடத்தில் நில்லுங்கள். நான் டூட்டிங்கில் மினிகாப் ஓட்டுகிறவன். எனக்கும் இதே மாதிரி மோதல்தான். என் விவரத்தை எடுத்துக்கொண்ட முகவர், "எல்லாம் இலவசம்" என்று ஒரு காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கைப்பேசித் திரையில் விரலால் கையெழுத்து வாங்கினார். அது கடனுக்கு எடுத்த வாடகைக் கார் என்பதும், நாள் வாடகை முழுவதும் என் பெயரில்தான் ஏறுகிறது என்பதும் எதிர்த்தரப்பு பணம் தர மறுத்த பின்புதான் எனக்குத் தெரிந்தது. உனக்கு அந்தக் கார் தேவைதானா, அந்த வாடகை நியாயமா, சொந்தப் பணத்தில் மலிவாக எடுத்திருக்க முடியாதா என்ற கேள்விகளுக்கு நீதிமன்றத்தில் நானே நின்று பதில் சொன்னேன், என் வங்கிக் கணக்கைக் காட்டி. உங்கள் கார் ஓடுகிறது. பம்பர் திருத்த எடுக்கும் இரண்டு நாளுக்குக் கடனில் கார் எடுக்காதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

கார்த்திகைப்பூ சகோதரி மணிக்கட்டைச் சுட்டிக்காட்டியது நியாயம். அதை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனாலும் அதற்கு மருந்து சொலிசிட்டர்தான் என்று ஏற்க மாட்டேன். படிவத்தில் காயங்கள் அனைத்தையும் எழுத இடம் இருக்கிறது. குடும்ப மருத்துவரிடம் இப்போதே காட்டிப் பதிய வையுங்கள். வழக்குத் தொடரக் காயத்துக்கு மூன்று ஆண்டும், கார்ச் சேதத்துக்கு ஆறு ஆண்டும் காலம் இருப்பதால் யாரிடமும் அவசரமாகக் கையெழுத்திட வேண்டியதில்லை. பம்பர் செலவை வான்காரரின் நிறுவனத்திடம் நேரடியாகவே கேட்கலாம்; அப்படிக் கேட்டால் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எக்சஸ் தொகையை, அதாவது இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கை, கட்ட வேண்டி வராது.

உங்கள் ஒப்பந்தத்தில், வழக்குச் செலவை நிறுவனமே ஏற்கும் சட்டச் செலவுப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், வெளியாளுக்குக் கால் பங்கு தர வேண்டிய அவசியம் என்ன?

கார்த்திகைப்பூ எழுதியது:

அந்தப் பாதுகாப்பு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்தட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கேயும் கோப்பைக் கையாள்பவர் ஒரு சொலிசிற்றர்தான், ஐயா. அவரைத் தெரிவுசெய்வது நிறுவனம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் கட்டத்தில்தான் தாம் விரும்பியவரை வைத்துக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு உறுதியாகிறது. எதிர்த்தரப்பு பின்னர் பொறுப்பை மறுத்தாலோ, மணிக்கட்டில் எலும்பு விரிசல் தெரிந்தாலோ, கால் பங்கு கொடுத்தாலும் மீதி முக்கால் பங்கு பனைநிழல் அண்ணா தனியாக வாங்கக்கூடியதைவிட அதிகமாகவே இருக்கும். பிழையை வாயால் ஒப்புக்கொண்ட எத்தனையோ பேர் பிறகு எழுத்தில் மறுத்திருக்கிறார்கள் என்பதை நாள்தோறும் கோப்புகளில் பார்க்கிறேன்.

பனைநிழல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை என் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்து, தகவலுக்காக மட்டும் என்று சொல்லிப் பதிந்துவிட்டேன். இத்தனை நாள் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். சட்டச் செலவுப் பாதுகாப்பு என் ஒப்பந்தத்தில் இல்லை. வியாழக்கிழமை மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே. அதில் எதுவும் இல்லையென்றால் இணைய வாயிலில் நானே பதிவேன். விரிசல் இருந்தால் சொலிசிற்றரிடம் போவேன். ஒரு கேள்வி: வான்காரரின் நிறுவனத்திலிருந்து நேற்று ஒரு பெண் அழைத்து, எல்லாவற்றையும் இந்த வாரமே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

வைகைக்கரை எழுதியது:

பம்பரைப் பற்றி மட்டும் பேசுங்கள். மருத்துவ அறிக்கையைப் பார்க்காமல் கழுத்துச் சுளுக்குக்குப் பணம் தர முன்வருவதையே 2018ஆம் ஆண்டின் சிவில் பொறுப்புச் சட்டம் தடைசெய்கிறது. மணிக்கட்டைப் பற்றி எக்ஸ்ரே முடிவு வரும்வரை தொலைபேசியில் எந்தத் தொகைக்கும் ஒப்புதல் சொல்லாதீர்கள்.

கார்த்திகைப்பூ எழுதியது:

இதில் ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். அந்தப் பெண் அழைத்த நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், அண்ணா. தொங்கும் பம்பரைத் திருத்தக் கொடுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.