கல் கொட்டிய இடத்துக்கு அடுத்த குப்பம்

கடல் அரிப்பைத் தடுக்கப் புதுச்சேரி கடற்கரைச் சாலையோரம் கல் கொட்டியதைப் பற்றிச் சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தச் சாலைக்கு வடக்கே வைத்திக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். நான் பார்த்ததையும் சொல்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் வாசலுக்கும் அலைக்கும் நடுவே கட்டுமரங்கள் வரிசையாகக் கிடக்கும். அதைத் தாண்டியும் வலை காயப்போட மணல் இருக்கும். 1986இல் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் நீண்டன. 1989 வாக்கில் வேலை முடிந்தது. அப்புறம் எங்கள் மணல் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது.

ஒரு நாள் அப்பா என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். சுவருக்குத் தெற்கே மணல் மேடாகச் சேர்ந்து கிடந்தது. "நம்ம மணல் இங்க நிக்குது பாரு" என்றார். பல வருஷம் கழித்து ஒரு பொறியாளர் விளக்கியபோதும் அதேதான் சொன்னார். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கைப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் சுவர் வைத்தால் தெற்கே கரை வளரும், வடக்கே தேயும். தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அது தொடர்ந்து நடக்கவில்லை.

சாலையைக் காப்பாற்றக் கல் வந்தது. சாலை நின்றது, அதை நான் மறுக்கவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கரையைக் கடந்தபோது அந்தக் கல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் கல்லில் மோதும் அலை திரும்பும்போது கல்லின் அடி மணலையே அரித்துக்கொண்டு போகிறது. கல் உள்ளே இறங்கும், மறுபடி லாரி வரும். கல் எங்கே முடிகிறதோ, அதற்கு வடக்கே அரிப்பு தொடங்கும்.

எங்கள் குப்பத்துக்குக் கல் வந்த அன்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். வடக்கே பொம்மையார்பாளையத்தில் அத்தை வீடு. சில வருஷத்தில் முதலில் தென்னைகள் சாய்ந்தன, பிறகு திண்ணை போனது, கடைசியில் வீடே போனது. எங்களைக் காத்த கல்லுக்கும் அதில் பங்கு உண்டு என்பது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் முக்கோண வடிவில் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கினார்கள். அலையின் வேகத்தை அது குறைக்க, உள்ளே மணல் தங்கியது. கல் மட்டுமே இருந்த இடத்தில் பிள்ளைகள் மணலில் விளையாடுவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

*

அண்ணே, நான் திருவொற்றியூர். எங்கள் கதையும் இதேதான், நூறு வருஷம் பழசு. சென்னைத் துறைமுகச் சுவர் வந்த பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரை தேய்ந்தது. இப்போது எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், பத்தடி தள்ளிக் கல், அதற்கப்புறம் கடல். சாலைக்குக் கிழக்கே தெருக்கள் இருந்ததாகத் தாத்தா சொல்வார். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவுகள் போட்ட பிறகு சில இடங்களில் மணல் சேர்ந்திருக்கிறது, வளைவு முடியும் இடத்தில் அரிப்பு அப்படியே இருக்கிறது. கடல் மட்டம் உயர்வதால்தான் இதெல்லாம் என்கிறார்களே, உண்மையா?

*

தம்பி, நம் இரண்டு ஊரிலும் முதலில் மணலைத் தடுத்தது மனிதன் கட்டிய சுவர்தான். ஆனால் கடல் உயர்வதும் உண்மை. 1901இலிருந்து 2018 வரை உலக சராசரியில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடிவருகிறது. மணல் இருந்தால் கரை பின்வாங்கித் தாங்கிக்கொள்ளும். சாலையும் கல்லும் நெருக்கி நிற்கும் இடத்தில் கரைக்குப் பின்வாங்க வழியில்லை. அடுத்த புயலின் அலை இன்னும் உயரத்திலிருந்து கிளம்பும்.

உங்கள் ஊரில் கல் கொட்டப் போகிறார்கள் என்றால், வடக்கே இருக்கும் குப்பத்தின் கரையை முதலில் அளந்து எழுதி வையுங்கள். அசையாத ஒரு கோயில் சுவரிலிருந்து அலை வரைக்கும், மழைக்கு முன் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை, தேதியோடு படமும் எடுங்கள். அத்தை வீட்டுக்கும் கடலுக்கும் முன்பு எத்தனை அடி இருந்தது என்று கணக்கெடுக்க வந்தவர் கேட்டார். எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.