‘த மெசேஜ்’ பாடலில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் பங்கு என்ன?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையில், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹிப் ஹொப் இசையின் தொடக்கம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். 1982 இல் வெளிவந்த ‘த மெசேஜ்’ பாடல் இசைத்தட்டுகளைச் சுழற்றி இசையமைக்கும் டிஜேயான கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், அவருடைய ஃபியூரியஸ் ஃபைவ் குழு ஆகியோரின் பெயரிலேயே வந்தபோதும், அதில் ஃபிளாஷின் கை படவே இல்லை என்கிறார் நண்பர் ஒருவர். அப்படியானால் அவரை முன்னோடி என்பது எதனால்?

பதில் 1:
நண்பர் சொன்னது சரி, தம்பி. அப்பாடல் ஒலிப்பதிவுக்கூட இசைக்கலைஞர் டியூக் பூட்டி, குழுவின் பாடகர் மெலி மெல் ஆகிய இருவரின் குரலில் அமைந்தது. ஃபிளாஷின் பெருமை அவருடைய விரல்களில் இருக்கிறது. பார்படோஸில் பிறந்து நியூயோர்க்கின் பிரொங்ஸில் வளர்ந்த அவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை அருகருகே சுழலவிட்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில வினாடிகள் தொடங்கும் இடத்தைத் தட்டின் மேலேயே கிரேயோனால் குறித்துவைத்து, ஒன்று ஒலிக்கையில் மற்றையதைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி, அத்துண்டை விரும்பிய மட்டும் நீட்டினார். இதற்குச் சான்று வேண்டுமானால், 1981 இல் இசைத்தட்டுகளைக் கொண்டே அவர் கோத்த ‘வீல்ஸ் ஒஃப் ஸ்டீல்’ பதிவைக் கூட்டத்தில் ஒலிக்கவிடுங்கள்.

பதில் 2:
அண்ணை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கொண்டாட்டத்தையே பெரிதும் பாடிவந்த ஒரு வடிவம், உடைந்த கண்ணாடி சிதறிக் கிடக்கும் தெருவையும் வறுமையையும் பாடத் துணிந்தது ‘த மெசேஜ்’ பாடலில்தான் உரத்துக் கேட்டது. 2007 இல் ரொக் அன்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ஹிப் ஹொப் குழுவும் இவர்களே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் பழைய இசைத்தட்டு ஒன்றில் கிரேயோன் குறியிட்டு, சபையோருக்குக் காட்டியே விளக்கப்போகிறேன்.