ஒப்பந்தம் இருக்கும்போதே குவார்ட்டர்பேக் அணி மாற்றம் கேட்கலாமா?

பிடோக்வாசி கேட்கிறார்:
வணக்கம். பிரிமியர் லீக் பார்த்தே வளர்ந்த எனக்கு அமெரிக்கக் கால்பந்தில் ஒன்று பிடிபடவில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் அணி 2009 டிராஃப்ட்டில் (அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு பருவங்கள் முழுமையாக நம்பியிருந்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபர்ட், ஒப்பந்தம் முடியும் முன்பே 2021 தொடக்கத்தில் தம்மை வேறு அணிக்கு டிரேடு செய்யும்படி கேட்டார், அணியும் இணங்கியது. இது நன்றிகெட்ட செயல் என்கிறார் என் அலுவலக நண்பர். உங்கள் கருத்து என்ன?

ஈசூன் ரசிகன்:
பிரிமியர் லீக்கில் ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் அவரை விற்க முடியாது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் அப்படியில்லை. டிராஃப்ட்டில் எந்த அணி பெயரை அழைக்கிறதோ அங்கேதான் தொடங்க வேண்டும். தம் சம்மதமின்றி டிரேடு செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதவரை, பிறகும் அவரைக் கேட்காமலே அணி எங்கு வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். அதற்குச் சான்று இந்த டிரேடிலேயே இருக்கிறது. ஸ்டாஃபர்டுக்கு ஈடாக லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் கொடுத்தவை முதல் சுற்றுத் தேர்வுகள் (டிராஃப்ட்டில் ஆளெடுக்கும் உரிமைகள்) இரண்டு, மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்று, கூடவே தங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப். அணியை 2019 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவர் அவர். அதே ஆண்டு நான்கு ஆண்டுகளுக்கு 134 மில்லியன் அமெரிக்க வெள்ளி என்று ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொடுத்ததும் ராம்ஸ்தான். அவர் எங்கும் போகக் கேட்கவில்லை. அனுப்பியவர்களை உங்கள் நண்பர் நன்றிகெட்டவர்கள் என்பாரா?

கிளமெண்டி மாமா:
தம்பி சொல்வது சரிதான், ஆனால் கேட்டதும் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. 2011இல் சின்சினாட்டி பெங்கால்ஸின் கார்சன் பால்மர், டிரேடு செய்யாவிட்டால் ஓய்வு பெற்றுவிடுவேன் என்றபோது, உரிமையாளர் மைக் பிரவுன் மசியவே இல்லை. டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்றில் ஆண்டி டால்டனை எடுத்துவைத்துக்கொண்டு பருவத்தைத் தொடங்கிவிட்டார். அக்டோபரில் ஓக்லண்ட் ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக்கிற்குக் காயம் ஏற்பட்டு அந்த அணி தவித்தபோதுதான், ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டு பால்மரை விட்டுக்கொடுத்தார். பெங்கால்ஸ் அந்தப் பருவமே பிளேஆஃப் (நாக்அவுட்) சுற்றுக்குச் சென்றது. அடம் பிடித்ததற்கு நல்ல விலை!

தெம்பனிஸ் தமிழச்சி:
மாமா, பிரவுனின் கையில் டால்டன் இருந்தார். 2020 நவம்பரில் தலைமைப் பயிற்றுவிப்பாளரையும் பொது மேலாளரையும் ஒருசேர நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டிய நிலையில் லயன்ஸ் இருந்தது. அந்தச் சமயத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஸ்டாஃபர்டைப் பிடித்துவைத்திருந்தால் இருவருக்குமே நட்டம். ராம்ஸ் அடுத்த பருவத்திலேயே சூப்பர் பௌலை வென்றது. ஸ்டாஃபர்ட் எதிரணி ஆட்டக்காரராக டெட்ராய்ட் திரும்பிய பிளேஆஃப் ஆட்டம், நமக்கு 2024 பொங்கலன்று காலை ஒன்பது மணிக்கு நடந்தது. விடுப்பில் இருந்த நான் தொலைக்காட்சியை விட்டு எழாமல், பானை பொங்கியதைக் கவனிக்கத் தவறி, அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அரங்கத்தில் ஸ்டாஃபர்டுக்கு எதிர்ப்புக் கூச்சல், காஃபுக்கு வாழ்த்து முழக்கம். லயன்ஸ் 24-23 என வென்றது. 32 ஆண்டுகளில் அதன் முதல் பிளேஆஃப் வெற்றி அது. அந்தக் கூச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று லயன்ஸுக்காக ஆடிய ஜமீர் கிப்ஸும் சாம் லபோர்டாவும், ஸ்டாஃபர்டைக் கொடுத்துப் பெற்ற ஒரு தேர்வைக் கைமாற்றி எடுத்தவர்கள்தாம்.