தமிழில் பெயர் வைத்த 1,286 படங்கள்: பெயர்களை மட்டும் எக்செலுக்கு எடுக்க வழி உண்டுங்களா?

கூடுதுறைக்காரி:
பவானியில் மாமனாருக்கு ஜமக்காள வியாபாரம். சென்னைக் கடைக்காரர் ஒருவர், இருக்கிற டிசைன் எல்லாவற்றின் பெயரையும் எக்செலில் கேட்கிறார். எது வேண்டும் என்று அதில் டிக் போட்டு அனுப்புவாராம். படங்கள் மொத்தம் 1,286. ஒரு பெரிய ஃபோல்டர், அதற்குள் மூன்று: பட்டை, பட்டு நூல், சிறுசு.

பெயர் வைத்ததெல்லாம் மாமனார்தான். "சிவப்பு பச்சை பட்டை 6க்கு9" என்கிற மாதிரி. முதலில் 6/9 என்று அடித்தாராம், ஃபைல் பெயரில் சாய்வுக் கோடு கூடாது என்று விண்டோஸ் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து 'க்கு'. இங்கிலீஷில் வைக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "2005-ல் புவிசார் குறியீடு வாங்குன சரக்கும்மா, பேரு நம்ம பாஷையிலயே இருக்கட்டும்" என்றார். எழுபது வயசுக்கு மேல் தமிழ் கீபோர்டு பழகியவர். அதற்கப்புறம் நான் பேசவில்லை.

நேற்று ஒவ்வொன்றாகப் பார்த்து அடிக்க ஆரம்பித்தேன். 173-வது வரியில் கரன்ட் போனது. சேவ் செய்யவில்லை (தெரியும், திட்டாதீங்க). கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவரைக் கேட்டால், இதற்கென்று சாஃப்ட்வேர் இருக்கிறது, 1,500 ரூபாய் ஆகும் என்கிறார். பெயர் எழுத 1,500 ரூபாயா என்று மாமனார் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விண்டோஸ் 10, எக்செல் 2016.

நொய்யல்கரை:
காசெல்லாம் வேண்டாங்க. திருப்பூரில் சாம்பிள் படங்களுக்கு நாங்கள் செய்வது இதுதான். பெரிய ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரி தெரிகிற இடத்தில் சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டுங்க. கறுப்புத் திரை வரும். அதில் அடிக்க வேண்டியது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்: டி-ஐ-ஆர், இடைவெளி, சாய்வுக் கோடு, எஸ், இடைவெளி, சாய்வுக் கோடு, பி, இடைவெளி, நட்சத்திரம், புள்ளி, ஜே-பி-ஜி. அப்புறம் கணக்கில் 'விடப் பெரியது' என்று போடுவோமே, அந்தக் குறி. கடைசியில் லிஸ்ட், புள்ளி, டி-எக்ஸ்-டி. அதே ஃபோல்டரில் நோட்பேட் ஃபைல் ஒன்று வந்து உட்காரும். எஸ் போட்டதால் உள் ஃபோல்டர்களும் சேர்ந்து வரும்.

கூடுதுறைக்காரி:
ஃபைல் வந்ததுங்க அண்ணா. ஆனால் "சிவப்பு பச்சை பட்டை 6க்கு9" இருக்க வேண்டிய இடத்தில் "??????? ????? ????? 6????9" என்று இருக்கிறது. எல்லா வரியும் இப்படித்தான். இன்னொன்று, மொத்தமே 1,072 வரிதான். 214 படத்தைக் காணோம்.

நொய்யல்கரை:
அட, தமிழ்ப் பெயர் என்பதை மறந்தே போனேன், மன்னிச்சுக்குங்க. எங்கள் படமெல்லாம் ஸ்டைல் நம்பர்தான். கறுப்புத் திரை பழைய எழுத்துத் தொகுப்பு ஒன்றில் எழுதுகிறது, அதில் தமிழுக்கு இடமே கிடையாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடும். முதலில் சி-எச்-சி-பி, இடைவெளி, 65001 என்று அடித்து என்டர் தட்டிவிட்டு, முன்பு அடித்த வரியை மறுபடி அடிங்க. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் கண்டுகொள்ளாதீங்க, ஃபைலில் தமிழ் சரியாக விழும். 214 எங்கே போனது என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

ஊஞ்சலூர் வாத்தியார்:
ஏங்கண்ணு, நான் ரிட்டயர்டு ஆள், கறுப்புத் திரை என்றாலே எனக்கு ஆகாது. இந்த வழியைப் பார். பெரிய ஃபோல்டரில் வலது மூலையில் தேடும் பெட்டி இருக்கும். அதில் கைண்ட், முக்காற்புள்ளி, பிக்சர் என்று இடைவெளி விடாமல் இங்கிலீஷில் அடி. உள் ஃபோல்டர் படம் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டும். தேடி முடிக்கும் வரை பொறு, அவசரப்பட்டால் பாதிதான் வரும். கன்ட்ரோல்-ஏ போட்டு எல்லாவற்றையும் தேர்ந்தெடு. ஷிப்ட்டை அழுத்திக்கொண்டே முதல் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் 'காப்பி ஆஸ் பாத்' என்று ஒன்று இருக்கும். ஷிப்ட் இல்லாமல் கிளிக் செய்தால் விண்டோஸ் 10-ல் அது கண்ணிலேயே படாது. கொடுத்துவிட்டு எக்செலில் பேஸ்ட் செய். தமிழ் தமிழாகவே வரும்.

பெயருக்கு முன்னால் ஃபோல்டர் வழி முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தை (கலெக்டர் ஆபீஸ் பாஷையில் பத்தி) பக்கத்தில் ஒரு நகல் எடுத்து வை, எந்தப் படம் எந்த ஃபோல்டர் என்று பின்னால் தேவைப்படும். பெயர் மட்டும் வேண்டிய காலத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எச். தேடுவதில் நட்சத்திரமும் இடப்பக்கம் சாய்ந்த கோடும், மாற்றுவதில் ஒன்றும் வேண்டாம், வெற்று. கடைசிக் கோடு வரைக்கும் மொத்தமாகப் போய்விடும். வால் பக்கம் நிற்கிற மேற்கோள் குறியையும் அதே மாதிரி எடுத்துவிடு.

உன் 214-க்கு வருகிறேன். அதெல்லாம் வாட்ஸப் வெப்பில் இறக்கின படமா? அதில் வால் ஜே-பி-ஜி இல்லை, ஜே-பி-இ-ஜி. கறுப்புத் திரையில் நீ கேட்டது ஜே-பி-ஜி மட்டும், அது அதை மட்டும்தான் கொடுத்தது.

கூடுதுறைக்காரி:
வாட்ஸப்தானுங்க! வெளித்தறிக்காரர்கள் அனுப்புகிற படத்தை மாமனார் கம்ப்யூட்டரில்தான் இறக்குவார். ஃபைல் வால் மறைந்திருப்பதால் இத்தனை நாள் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இப்போது 1,286-ம் வந்துவிட்டது. பேஸ்ட் செய்து, வழியை அழித்து, எல்லாம் பத்து நிமிஷம். ஆனால் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் மேலேயே "இது என்னன்னு கேக்கணும் (1)" தொடங்கி (9) வரை ஒன்பது வரி நிற்கிறது. மாமனாரிடம் கேட்டேன். ஒன்பது படத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெயர் கொடுத்திருக்கிறார், நம்பரை விண்டோஸே போட்டுக்கொண்டது. யாரைக் கேட்கணும் என்பது அவருக்கு மறந்துவிட்டதாம்.

நொய்யல்கரை:
அப்படியே அனுப்பிவிடுங்க. சென்னைக்காரர் டிக் போட்டாலும் போடுவார்.