11ஏ சீட் கேட்டு வாங்கினால் பாதுகாப்பா?

கேள்வி:
2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில், விமானத்தில் இருந்த 242 பேரில் தப்பியது 11ஏ சீட்டில் இருந்த ஒருவர்தான். அதிலிருந்து வீட்டில் எல்லாரும் 11ஏ கேட்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடணும், இருவருக்கும் 70 தாண்டிவிட்டது. கூடுதல் பணம் கட்டி அந்த சீட்டை எடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். அந்த போயிங் 787 விமானத்தில் 11ஏ அவசர வழியை ஒட்டி இருந்தது. வேறு ரக விமானத்தில் அதே எண் எங்கேயோ இருக்கும். தவிர, அவசர வழி வரிசையில் கதவைத் திறக்கத் தெம்புள்ளவர்களைத்தான் உட்கார வைப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று வரிசை தள்ளி, நடைபாதை ஓர சீட்டாகப் பாருங்கள்.

விமானம் விழுந்தால் அவ்வளவுதான் என்ற நினைப்பும் தப்பு. அமெரிக்காவில் 1983 முதல் 2000 வரை நடந்த பயணிகள் விமான விபத்துகளில் சிக்கியவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். தரையில் நின்றுவிட்ட விமானத்திலும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை.

உட்கார்ந்ததும் முன்னால் உள்ள வழிக்கு எத்தனை வரிசை, பின்னால் உள்ளதற்கு எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகையில் கண் தெரியாது. குனிந்து, சீட் முதுகுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே போகணும். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று வேண்டும். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஏ350-ல் எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஆனாலும் அதிலிருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

பதில் 2:
பெல்ட்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வயிற்றின் மேல் இல்லாமல், இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாகப் போடணும். தளர்வாக இருந்தால் உடல் அடியில் நழுவி, பெல்ட் வயிற்றை அறுக்கும். கழற்றும்போது பதற்றத்தில் கை கார் பெல்ட் பட்டனைத் தேடும். இதில் மேல்தகட்டைத் தூக்கணும். அப்பா அம்மாவை நாலைந்து தடவை போட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

1985 ஆகஸ்ட் 22 மான்செஸ்டரில் தீப்பிடித்த 737-ல், இறக்கை மேலுள்ள கதவருகே இருந்த பயணி கைப்பிடி என்று நினைத்து கதவோடிருந்த கைவைப்பானை இழுத்தார். பிறகு கதவு கழன்று அவர் மேலேயே விழுந்தது. 55 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் புகையால். பாதுகாப்பு அட்டையில் கதவுப் படத்தைப் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

கேட்டவர்:
நன்றி சார். புகை வந்தால் மேலிருந்து விழும் ஆக்சிஜன் மாஸ்க் போதாதா?

பதில் 2:
உதவாது. அது கேபின் காற்றோடு கலந்துதான் வரும், புகையும் சேர்ந்தே உள்ளே போகும். உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் மட்டும்தான் அது. புகைக்கு ஈரத்துணியை மூக்கில் வைத்துக் குனிந்து நடக்கணும்.

பதில் 3:
இரண்டு சேர்க்கிறேன். பையை எடுக்கவே கூடாது. ஒருவர் மேல்பெட்டியைத் திறந்தால் பின்னால் வரிசையே நிற்கும். பாஸ்போர்ட்டும் மாத்திரையும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தண்ணீரில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டலாம், ஆனால் கதவைத் தாண்டும்போதுதான் ஊதணும். 1996-ல் கொமொரோஸ் அருகே கடலில் விழுந்த எத்தியோப்பியன் விமானத்தில் சிலர் உள்ளேயே ஊதிவிட்டார்கள். தண்ணீர் ஏற ஏற ஜாக்கெட் அவர்களைக் கூரையோடு அழுத்திவிட்டது, மூழ்கி நீந்தி வெளியேற முடியவில்லை.